பதினாறு வினாடிக்குப் பதினொரு வாரம்

கந்தப்பளையிலிருந்து உடப்புசல்லாவை வரையுள்ள தோட்டங்கள் அத்தனையையும் தேயிலைத் தூள் சலிக்கும் சல்லடையில் போட்டுச் சலித்தாலும், பதினாறு வினாடி வாசிப்பதற்குப் பதினொரு வாரம் எடுத்துக்கொண்ட இன்னொரு மனிதரை யாராலும் காட்ட முடியாது. எங்கள் தோட்டத்து ஃபேக்டரி வயர்மேன்தான் அவர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. தோட்ட ஆபிஸில் செக்ரோல் எழுதுகிறவன் நான். வேலைக்கு வந்தவர்களின் பெயரைத் தினமும் பதிகிறேன் என்பதால் எனக்கு அது தெரியும். மற்றவர்கள் மறந்து வெகுகாலமாகிவிட்டது. எல்லாருக்கும் அவர் 'இன்னொருக்கா'.

எதைச் செய்து முடித்தாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் சொல் அது. ஒரு முறை கோயிலில் பூசை நேரத்தில் ஃபியூஸ் போய்விட்டது. ஓடி வந்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்தார். விளக்கு எரிந்ததும் சனம் கைதட்டியது. இவர் முகத்தில் திருப்தியில்லை. "இன்னொருக்கா" என்று சொல்லி, எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்து, கம்பியைக் கழற்றி, முதலிலிருந்து மாட்டினார். சாமி அதுவரை இருட்டில் காத்திருந்தது. பெண் பார்க்கப் போன இடத்திலும், பெண் வந்து வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே திரும்பியதும் பழக்கதோஷத்தில் "இன்னொருக்கா" என்றாராம். சம்பந்தம் அதோடு முறிந்தது என்கிறார்கள். இதற்கு நேரடிச் சாட்சி கிடைக்காததால் நான் என் டயரியில் எழுதவில்லை.

அவருடைய உயிர் கிட்டார். ஃபேக்டரியில் இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவார். அந்த நேரம் லயத்தில் எல்லாரும் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருப்பார்கள். எட்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கிற லயத்தில், காலை எட்டு முதல் பன்னிரண்டு வரைதான் அமைதி. பிற்பகலில் மழை வந்து தகரத்தின் மேல் நாட்டியமாடும். ஆகவே அவருடைய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வேலை நேரம் நான்கு மணித்தியாலம். கூடம் என்றால் முன் அறை. ஒரு பழைய லாப்டாப், ஒரு மைக், கழித்துப் போட்ட வானொலிப் பெட்டியில் அவரே செய்த அம்ப்ளிஃபயர். கிட்டாரை நேராகக் கணினியில் செருகலாமே என்று கேட்டேன்.

"செருகலாங்க, கிளாக்கரய்யா. ஆனா பெட்டியிலருந்து காத்து வரணும். காத்து வந்து மைக்குல படணும். இல்லாட்டி அது பாட்டில்ல, கணக்கு."

லயத்துக் கரண்டில் அந்தப் பெட்டியைப் போட்டால் உள்ளே குளவிக்கூடு இருப்பதுபோல் இரையும். கிட்டாரோடு உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போனால் ஒரே ஒரு திசையில் மட்டும் அந்த இரைச்சல் அடங்கும். அந்தத் திசையைக் கண்டுபிடித்து, முக்காலியின் மூன்று கால்களையும் சுற்றிச் சிமெந்துத் தரையில் சோக்கட்டியால் வட்டம் போட்டிருந்தார். கெட்ட காலம், அந்தத் திசையில் இருந்தது பக்கத்து வீட்டு புஷ்பம் அக்காவின் சுவர். இரண்டடி தூரத்தில் சுவரைப் பார்த்தபடி, சுவருக்கே கச்சேரி வைப்பதுபோல் உட்கார்ந்து வாசிப்பார். புஷ்பம் அக்கா முழங்கால் வலியென்று வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போக மாட்டார். அந்த இரண்டு நாளும் அவர் ஒருவர்தான் ரசிகர், அவர் ஒருவர்தான் விமர்சகர்.

இனி அந்தப் பதினாறு வினாடிக்கு வருகிறேன்.

அவருக்கு ஒரே தங்கை, மலர். கொழுந்து எடுத்தவள். அவளே எழுதி அவளே மெட்டுப் போட்ட ஒரு பாட்டு இருந்தது. "மேமலையில நின்னு கூப்பிட்டேன், கீழ்மலையில யாரு?" என்று தொடங்கும். தைப்பொங்கல் கழிந்து நான்காவது வாரம், வியாழக்கிழமை, அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டாள். இரண்டு வருட ஒப்பந்தம். அன்று காலைதான் அண்ணனும் தங்கையும் பாட்டைப் பதிவுசெய்ய உட்கார்ந்தார்கள். இவர் கிட்டாரில் முதல் சுரத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு பிஸ்கட் டின்னில் தாளம் போட்டார். வழியனுப்ப வந்த நானும் வாசலில் நின்றேன். பல்லவி முடிந்தது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்தின் கடைசிச் சொல்லில் ரோட்டிலிருந்து வேன் ஹாரன் அடித்தது. மலர் எழுந்துவிட்டாள்.

"மூணாவது சரணம்?" என்றார் இவர், டின்னில் தாளத்தை நிறுத்தாமல். "பாடு பாடு, வேன் நிக்கும்."

"நிக்காதுண்ணே. அந்த எடத்துல நீ வாசிச்சுரு. எனக்கு வெள்ளிக்கிழமையில மட்டுந்தான் போன் தருவாங்களாம். தேர் வெள்ளிக்கிழமதானே வருது? அன்னிக்குப் பகல் எடுக்கிறேன். முழுப் பாட்டையும் போட்டுக் காட்டணும்."

"காட்டுறேன்."

"சாமி மேல சத்தியமா?"

"சத்தியமா."

"இன்னொருக்கா இன்னொருக்கான்னு இழுத்துக்கிட்டிருந்தே, நான் ரெண்டு வருசத்த முடிச்சிட்டு நேர்லயே வந்துருவேன், பாத்துக்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள். வேனில் ஏறிய பிறகு சிரிக்கவில்லை. இவர் அதுவரை டின்னைத் தட்டிக்கொண்டே இருந்தார். கணினியிலும் அது பதிவாகியிருக்கிறது. இருவரும் பேசியதை வெட்டிவிட்டால், குரல் இல்லாமல் வெறும் டின் மட்டும் ஓடுகிற அந்த இடம்தான் பதினாறு வினாடி. பல்லவியை வெட்டி எடுத்துப் பாட்டின் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம். பாடாத சரணத்தை எங்கிருந்து வெட்டுவது?

தேருக்குப் பதினொரு வாரம் இருந்தது.

முதல் இரண்டு வாரம் இன்னொருக்கா தம் திறமை முழுவதையும் அந்த இடத்தில் கொட்டினார். விரல்கள் கிட்டாரின் கழுத்தில் எலி ஓடுவதுபோல் ஓடின. ஒரு நாள் வேகத்தைக் குறைத்துப் போட்டுக்காட்டச் சொல்லி நான் எண்ணிப் பார்த்தேன். பதினாறு வினாடியில் தொண்ணூற்று நான்கு சுரம். அன்று சுவருக்கு அப்பாலிருந்து முதல் விமர்சனம் வந்தது.

"தம்பி, ஒன்னு கேக்கட்டா?"

"கேளுங்கக்கா."

"ஒன்னய யாராச்சும் தொரத்துறாங்களா?"

இன்னொருக்கா கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் யோசித்தார். "அக்கா சொல்றதுல ஞாயம் இருக்குங்க" என்றார் என்னிடம். "ஓடுறேன். ஆனா எங்க போறேன்னு தெரியல."

மூன்றாவது வாரம் கம்பி அறுந்தது. ஹட்டனுக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்கினார். கடைக்கார முஸ்லிம் அண்ணன், அதாவது நானா, நல்ல மனிதர். கம்பியை மாட்டி, மெஷின் வைத்துச் சுருதியும் சேர்த்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மலரின் குரலோடு வாசித்தால் ஒட்டவில்லை. ஒரே போர்வையை ஆளுக்கொரு பக்கம் இழுப்பதுபோல் இருந்தது. ஐந்து நாள் தம் விரலைச் சந்தேகப்பட்டார். இரண்டு நாள் தம் காதைச் சந்தேகப்பட்டார். காதுக்குள் தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தபடியே ஃபேக்டரியில் வேலை பார்த்தார். பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

இத்தனை வருடமும் இவர் கிட்டாருக்குச் சுருதி சேர்த்தது ஃபேக்டரிச் சங்குக்கு!

காலையில் ஊதுகிற அந்தச் சங்குதான் எங்கள் தோட்டத்துக்கு எல்லாம். அதைக் கேட்டுத்தான் பெரட்டுக்குப் போகிறோம், அதாவது ஆளெடுப்புக்கு. அதைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்துகிறோம். "போனுல உள்ள சுதிய நம்பாதீங்க, பற்றரி எறங்குனா சுதியும் எறங்கும். சங்கு எறங்காது" என்பது இவருடைய கொள்கை. சங்கோ உலகத்தில் உள்ள எந்த இரண்டு சுரத்துக்கும் நடுவில் ஊதுகிற சங்கு. மலருக்கு எடுத்துக் கொடுத்த முதல் சுரமும் அந்தச் சங்குச் சுரம்தான்.

"அப்ப பழையபடி சங்குக்கே சேர்த்துருங்களேன்" என்றேன்.

அவர் தலை குனிந்துகொண்டார். "போன மாசம் சங்கு மோட்டருக்குப் புது பேரிங் போட்டோமில்லீங்களா? இப்ப அது முன்னவிட மேல ஊதுது."

"யார் போட்டது?"

"நான்தான். ரெண்டு தடவ கழட்டிப் போட்டேன்."

ஆக, கடைக்கார நானாவின் சுருதி ஒன்று, சங்கின் சுருதி ஒன்று, மலரின் சுருதி ஒன்று. மலரைக் குவைத்திலிருந்து வரவழைத்துத் திரும்பப் பாடவைக்க முடியாது. இன்னொருக்கா அன்று முழுவதும் மலரின் குரலையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அடுத்த நாள் காலை, பல்லவி தொடங்குமுன் மலர் "ஆ..." என்று எடுக்கிற அந்த ஒரு சுரத்தை மட்டும் வெட்டி, விடாமல் ஒலிக்கும்படி வைத்து, அதற்குக் கிட்டாரைச் சேர்த்தார்.

"இனிமே நமக்குச் சங்கு மலர்தாங்க" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு எங்கள் லயத்தில் மலர் "ஆ..." என்று தொடங்குவாள். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு "ஆ". ஆறு கம்பி. திருப்தியில்லை என்றால் இன்னொருக்கா. புஷ்பம் அக்கா சுவரைத் தட்டினார்.

"ஏன்டா, அந்தப் புள்ளய பல்லு புடுங்குறவன்கிட்ட ஒக்கார வச்ச மாதிரி ஏன்டா கத்த விடுறே? கடல் தாண்டிப் போயும் நிம்மதியில்லையா அவளுக்கு?"

திட்டினாரே தவிர, ஒரு நாள் எட்டு மணி தாண்டியும் "ஆ" வராதபோது, "என்னா தம்பி, இன்னிக்கு மலரு இன்னும் எந்திரிக்கலையா?" என்று கேட்டவரும் அவர்தான்.

ஆறாவது வாரம் இன்னொருக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தார். பாட முடியாததை வாசிக்கக் கூடாது. கிட்டாரை உறையில் போட்டு, உறையைப் பெட்டியில் போட்டு, சாவியை என்னிடம் கொடுத்தார். பத்து நாளைக்குக் கெஞ்சினாலும் கொடுக்கக் கூடாது என்றார். அந்தப் பதினாறு வினாடியை வாயாலேயே பாடிப் பாடிச் செதுக்கினார். நடக்கும்போது, ஃபேக்டரியில் ஏணியில் நிற்கும்போது, சாப்பிடும்போது, "லா-லலா-லா" என்று. கார்ட், அதாவது கூட்டுச்சுரம், மாறுகிற இடத்தில் மட்டும் நின்று தலையாட்டுவார். "கார்டு மாறுறப்ப அது வீட்டுக்குள்ள போயி ஒக்காரணுங்க. வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு வரக்கூடாது" என்பார். நுவரெலியா பஸ்ஸில் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு உச்சத்தில் ஒரு "லாஆஆ" இழுத்திருக்கிறார். கண்டக்டர் பதறிப்போய், "மல்லி, அசனீபத?" என்று சிங்களத்தில், உடம்புக்கு முடியவில்லையா தம்பி என்று கேட்டு, முன் சீட்டில் இடம் எடுத்துக் கொடுத்தார். பக்கத்திலிருந்த அம்மாள் ஒரு தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், முகர்ந்து பார்க்கச் சொல்லிக் கையில் திணித்தார். இன்னொருக்கா தேசிக்காயை முகர்ந்தபடியே மிச்சத்தையும் பாடி முடித்தார்.

எட்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வாளியை வைத்துவிட்டுப் பாடிக்கொண்டிருந்தார். சுரங்கள் இப்போது முப்பதுக்கு இறங்கியிருந்தன. புஷ்பம் அக்கா குடத்தோடு வந்தார். நானும் வரிசையில் நின்றேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அக்கா. இன்னொருக்காவுக்கு முகம் மலர்ந்தது. "ஆனா நீயே பேசுறே, நீயே பதில் சொல்றே. ஏன்டா தம்பி, மேமலையில நிக்கிறவ கீழ்மலையில உள்ளவள எப்படிக் கூப்பிடுவா?"

"சத்தம் போட்டு."

"சத்தம் போட்டுட்டு?"

இன்னொருக்கா எதிர் மலையைத் திரும்பிப் பார்த்தார்.

"சும்மா நிப்பாடா! சத்தம் அங்க போவணும், அவ காதுல விழணும், அவ கூடைய சரிபண்ணிக்கிட்டு வாயத் தொறக்கணும். அதுக்குள்ள நீ மறுக்காக் கூப்பிட்டா அவ எங்கனக்குள்ள பதில் சொல்றது? ஒந் தங்கச்சி பாட்டே கூப்பிடுற பாட்டு. நீ என்னாடான்னா அவளுக்கு வாயே குடுக்க மாட்டேங்குறே!"

வாளி நிறைந்து வழிந்து அவர் காலை நனைத்தது. அவர் நகரவில்லை. வரிசையில் நின்ற நாங்களும் நகரவில்லை.

மறுநாள் தூங்காமல் நேராக மலைக்குப் போய்விட்டார். கொழுந்து எடுக்கிற பெண்கள் மத்தியில், கையில் போனின் நேரமானியோடு இவர் நிற்பதைப் பார்த்த கங்காணி, "என்னா வயர்மேன், தேயில மரத்துல கரண்டு போயிருச்சா?" என்றார்.

"இல்லீங்க. கூப்பிட்டா எவ்வளவு நேரத்துல பதில் வருதுன்னு பாக்குறேன்."

அவ்வளவுதான். இரண்டு மலைப் பெண்களும் அன்று பகல் முழுவதும் ஒருவரையொருவர் தேவையில்லாமல் கூப்பிட்டார்கள். "ஏய்... சோறு தின்னாச்சா...?" என்று இங்கிருந்து ஒன்று போகும். கொஞ்ச நேரம் மலை சும்மா இருக்கும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து "ஓ...ய்" என்று நீண்ட ஒன்று வரும். அன்று எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்ததற்குக் காரணம் பனிமூட்டம் என்று கங்காணி அறிக்கை கொடுத்தார். இன்னொருக்கா மாலையில் நேரே என் வீட்டுக்கு வந்தார். முகம் வெயிலில் சிவந்திருந்தது.

"நாலு வினாடிங்க, கிளாக்கரய்யா. நாலு வினாடி சும்மா இருக்கணும். சாவியக் குடுங்க."

கடைசியில் உருவானது இதுதான். வேன் ஹாரன் மலரின் கடைசி எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் அதை அழிக்க முடியாது. அழித்தால் அவளும் போய்விடுவாள். எனவே ஹாரனின் சுரத்திலேயே கிட்டார் தொடங்கும். ஒரு கூப்பாடு. பிறகு நான்கு வினாடி கிட்டாரில் ஒன்றுமில்லை. அதே கூப்பாடு, கடைசி மட்டும் கொஞ்சம் மேலே போய். பிறகு வீடு திரும்புவதுபோல் ஒரு சின்ன இறக்கம். மொத்தம் பதினொரு சுரம். தொண்ணூற்று நான்கில் தொடங்கியவர், வாரத்துக்கு ஒரு சுரம் என்ற கணக்கில் பதினொன்றில் வந்து நின்றார்.

இனிப் பதிவுசெய்ய வேண்டியதுதான் பாக்கி. ஆனால் தேர் வாரம் வந்துவிட்டது. யாரும் மலைக்குப் போகவில்லை. லயம் முழுவதும் விருந்தாளிகள். புதனும் வியாழனும் காலையில் வாசித்தார். வாசிக்கும்போது யாரும் இரும மாட்டார்கள். இடைவெளி வந்ததும் லயமே இருமும். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துவைத்தேன். ஏழாவது தடவை சேவல். பன்னிரண்டாவது தடவை குக்கர் விசில். பத்தொன்பதாவது தடவை கோயிலுக்கு லைட் ஏற்றிவந்த லொறி. இருபத்தாறாவது தடவை பூசாரியின் போன். புஷ்பம் அக்கா பொறுமையிழந்து, விளக்குமாறோடு லயத்து வாசலில் வந்து நின்றார்.

"இந்தா, எல்லாருக்கும் சொல்றேன்! அவன் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. மலருக்குப் போவப்போற பாட்டு இது. தும்முறவங்க ரோட்டுக்குப் போயி தும்முங்க!"

எட்டு வீடும் அடங்கியது. வியாழன் பதினொன்றே முக்காலுக்கு, நாற்பத்தோராவது தடவை, ஒரு குறையும் இல்லாமல் வந்தது. கடைசிச் சுரம் தேய்ந்து அடங்கியது. இன்னொருக்கா கண்ணைத் திறந்தார்.

"இன்னொரு..."

"வாயத் தொறந்தே, கிட்டாரு அடுப்புக்குள்ள போவும்!" என்றது சுவர்.

அன்று பிற்பகல் மழைக்குள் அவர் நாற்பத்தொன்றையும் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்து, "முதலாவதுதாங்க" என்றார்.

"முதலாவதா? அப்போ மிச்சம் நாற்பது?"

"முதலாவது நல்லாயிருக்குன்னு தெரிஞ்சுக்கிறதுக்குத்தான்."

வெள்ளிக்கிழமை. தேர் கீழ் லயத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. மேளச் சத்தம் கேட்காமலிருக்க முன் அறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கைத் திணித்தோம். உள்ளே நாங்கள் இரண்டு பேரும் புஷ்பம் அக்காவும். பன்னிரண்டரைக்கு மலர் எடுத்தாள். குரல் மெலிந்திருந்தது.

"அண்ணே, பத்து நிமிசந்தான். முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"பொய் சொல்லாதே."

இவர் போனைப் பெட்டியின் முன்னால் வைத்துப் பாட்டைப் போட்டார். பல்லவி. முதல் சரணம். இரண்டாவது சரணம். வேன் ஹாரன். அந்த ஹாரனுக்குள்ளிருந்தே கிட்டார் எழுந்து, ஒரே ஒரு முறை கூப்பிட்டுவிட்டு நின்றது.

ஒரு வினாடி. இரண்டு. மூன்று.

அப்போது போனுக்குள்ளிருந்து, அத்தனை தூரத்திலிருந்து, எதிர் மலையில் கூடையோடு நிற்கிறவளைப்போல, "ஓ...ய்" என்று ஒரு குரல் வந்தது.

அதற்காகவே காத்திருந்ததுபோல் கிட்டார் இரண்டாம் முறை கூப்பிட்டது. புஷ்பம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். பாட்டு முடிந்தது. இன்னொருக்கா அந்தச் சோக்கட்டி வட்டங்களின் நடுவே உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் வாயையே பார்த்தேன். எனக்குத் தெரிந்த காலத்தில் முதல் தடவையாக, அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

நான்தான் சொன்னேன்: "தம்பி, இன்னொருக்கா."